தொடர்ச்சி, வகையிடல் கணக்கு: முதல்ல ஒட்டுற இடத்தைப் பாருங்க

கால்குலஸ்ல இந்த சாப்டர் மட்டும் நிறைய பேருக்கு வழுக்கும், ஏன்னா இதுல கணக்கு போடுற வேலை கம்மி, எங்க பாக்கணும் எந்த வரிசையில பாக்கணும்ங்கறதுதான் ஜாஸ்தி. நானும் அதுலதான் மாட்டினேன். ஸ்கூல்ல ஒரு டெஸ்ட், அதுல கீழ இருக்கற மாதிரி ஒரு சார்பு. (டைப் பண்ற வசதிக்கு எக்ஸ், எஃப், ஹெச்னு தமிழ்லயே எழுதுறேன், நோட்டுல நீங்க வழக்கமா எழுதுற மாதிரியே எழுதிக்கோங்க.)

எக்ஸ் ≤ 1 வரைக்கும் எஃப்(எக்ஸ்) = எக்ஸ்² + 1
எக்ஸ் > 1-க்கு எஃப்(எக்ஸ்) = 2எக்ஸ் + 5

1-ல இது வகையிடத்தக்கதான்னு, அதாவது அந்த இடத்துல கிராஃபுக்கு ஒரே ஒரு சாய்வு சொல்ல முடியுமான்னு கேள்வி. நான் என்ன பண்ணேன், ரெண்டு பக்கத்தையும் டிஃபரென்ஷியேட் பண்ணேன், மேல 2எக்ஸ், அதுல 1 போட்டா 2, கீழ நேரடியாவே 2, ஆஹா ரெண்டும் சமம், வகையிடத்தக்கதுன்னு எழுதி அடியில கோடு வேற போட்டேன். மார்க் முட்டை. ஏன்னா எஃப்(1) = 2, ஆனா வலது பக்கத்துல இருந்து 1-ஐ நெருங்கினா மதிப்பு 7-க்குப் போகுது. நடுவுல 5 யூனிட் தாவல். ரெண்டு ரோட்டுக்கும் சாய்வு ஒன்னுதான், ஆனா ஒன்னு தரையில இருக்கு, இன்னொன்னு மேம்பாலத்துல இருக்கு, வண்டி எப்படிப் போகும்?

அதனால எந்தக் கணக்கு வந்தாலும் ரெண்டு கேள்வி, வரிசை மாறாம. மொதல்ல, ரெண்டு துண்டும் அந்த இடத்துல சேருதா? சேந்துச்சுன்னா மட்டும் அடுத்தது, சேர்ற இடத்துல முட்டி மடங்குதா இல்ல வழவழன்னு போகுதா? மொத கேள்விக்கே இல்லைன்னு வந்துட்டா ரெண்டாவதுக்குப் போக வேண்டாம், தொடர்ச்சி இல்லாததால வகையிடத்தக்கதும் இல்லைன்னு ஒரே வரியில முடிச்சிட்டு அடுத்த கணக்குக்குப் போயிடலாம்.

இதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, யாரும் சொல்லித் தர்றதில்ல, எந்தப் புள்ளியில சந்தேகப்படணும்னு கண்டுபிடிக்கறது. பல்லுறுப்புக் கோவை, சைன், கொசைன், ஈ பவர் எக்ஸ் இதெல்லாம் எல்லா இடத்துலயும் தொடர்ச்சியானது, வகையிடவும் வரும், இதுங்களைக் கூட்டினாலும் பெருக்கினாலும் ஒன்னுக்குள்ள ஒன்னு போட்டாலும் அப்படியேதான். அதனால அங்கெல்லாம் ஒரு வரி எழுதிட்டு நகர்ந்துடுங்க. உக்காந்து பாக்க வேண்டிய இடம் கொஞ்சம்தான்: விதி மாறுற இடம், வகுக்கறது பூஜ்யம் ஆகுற இடம், மாடுலஸுக்குள்ள (சுருக்கமா மாட், மைனஸ் குறியை எடுத்துட்டு அளவை மட்டும் தர்றது) இருக்கறது பூஜ்யம் ஆகுற இடம், மீப்பெரு முழு எண் சார்புக்குள்ள (ஒரு எண்ணைத் தாண்டாத மிகப்பெரிய முழு எண்ணைத் தர்ற சார்பு) இருக்கறது முழு எண் ஆகுற இடம், ரூட்டுக்குள்ள பூஜ்யம் வர்ற இடம். கேள்வியைப் படிச்ச உடனே இந்தப் புள்ளிகளை மார்ஜின்ல குறிச்சு வச்சுக்கோங்க, பாதி கணக்கு அங்கயே முடிஞ்சிடும்.

இப்ப தொடர்ச்சி. ஒரு புள்ளியில தொடர்ச்சி இருக்குன்னா மூணு விஷயம் நடக்கணும். அந்தப் புள்ளியில சார்புக்கு ஒரு மதிப்பு இருக்கணும், இடப்பக்க லிமிட்டும் வலப்பக்க லிமிட்டும் ஒன்னா வரணும், அப்படி வந்த லிமிட் அந்த மதிப்புக்குச் சமமா இருக்கணும். மூணாவதைத்தான் எல்லாரும் முழுங்கிடுவாங்க. லிமிட் எடுக்கும்போது நாம அந்தப் புள்ளியைத் தொடுறதே இல்ல, பக்கத்துல பக்கத்துல போறோம் அவ்ளோதான், அதனால லிமிட் ஒன்னு சொல்லும் மதிப்பு வேற ஒன்னு சொல்லும். உதாரணத்துக்கு (எக்ஸ்² − 4)/(எக்ஸ் − 2) எடுத்துக்கோங்க, 2-ல மட்டும் மதிப்பு 5-னு கொடுத்திருக்காங்க. 2 இல்லாத எல்லா இடத்துலயும் இது எக்ஸ் + 2 தான், அதனால லிமிட் 4. ரெண்டு பக்கமும் 4. ஆனா எஃப்(2) = 5. கிராஃப் போட்டா ஒரு நேர்கோடு, 2-க்கு மேல ஒரு சின்ன ஓட்டை, அந்தப் புள்ளி மட்டும் தனியா ஒரு யூனிட் மேல தொங்குது. தொடர்ச்சி இல்ல. 5-ஐ அழிச்சிட்டு 4-னு போட்டா ஓட்டை அடைபட்டுடும், அதனாலதான் இந்த வகைக்கு நீக்கத்தக்க தொடர்ச்சியின்மைன்னு பேரு.

முதல்ல பாத்த தாவல் அப்படி இல்ல, ஒரு மதிப்பை மாத்தி எழுதி அதைச் சரி பண்ணவே முடியாது. மீப்பெரு முழு எண் சார்பு இந்த ஜாதி. 2-க்குக் கொஞ்சம் முன்னாடி 1.999-ல மதிப்பு 1, 2-ல மதிப்பு 2, 2.001-லயும் 2. வலப்பக்கம் ஒட்டுது இடப்பக்கம் ஒட்டல. ஒவ்வொரு முழு எண்லயும் இதே கதை. ஆனா 2.5-ல கேட்டா பதறாதீங்க, அங்க சார்பு மாறிலி, தொடர்ச்சியும் இருக்கு வகைக்கெழுவும் (அந்த இடத்துச் சாய்வு) பூஜ்யம். சார்பு பேரைப் பாத்துட்டு தீர்ப்பு எழுதாம புள்ளியைப் பாத்து எழுதுங்க.

1/எக்ஸ் தொடர்ச்சியான சார்பான்னு ஒரு கேள்வி அடிக்கடி வரும், அதுல ரெண்டு கட்சி. தன்னோட சார்பகத்துல (எந்தெந்த எண்ணைப் போட முடியுமோ அந்தத் தொகுப்புல) அது தொடர்ச்சியானதுதான், ஏன்னா 0 அந்தச் சார்பகத்துலயே இல்ல, இல்லாத வீட்டுல கூரை ஒழுகுதான்னு கேக்க முடியாதில்ல. சில புக்ல 0-ல தொடர்ச்சி இல்லைன்னு எழுதியிருப்பாங்க. ரெண்டையும் சமாளிக்க, 0-ஐத் தவிர எல்லா மெய்யெண்லயும் தொடர்ச்சியானதுன்னு எழுதிடுங்க, யாரும் மார்க் குறைக்க முடியாது.

மூடிய இடைவெளி கொடுத்தா ஓரத்துல ஒரு பக்கம் மட்டும் பாத்தா போதும். ரூட் எக்ஸ் 0-ல தொடர்ச்சியானது, இடப்பக்கம் ஒன்னுமே இல்லாததால வலப்பக்க லிமிட்டை மட்டும் பாக்கறோம்.

சரி, ரெண்டாவது கேள்விக்கு வருவோம். வகையிடத்தக்கதுன்னா என்னன்னு புரிய போன்ல ஏதாவது ஒரு கிராஃப் ஆப்பைத் திறந்து எக்ஸ்² போட்டு 1-கிட்ட ஜூம் பண்ணிட்டே போங்க. வளைவு கொஞ்சம் கொஞ்சமா நிமிந்து கடைசியில ஸ்கேல் வச்சு இழுத்த கோடு மாதிரி ஆகிடும். இப்ப மாட் எக்ஸ் போட்டு 0-கிட்ட ஜூம் பண்ணுங்க. பத்து மடங்கு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு, எவ்ளோ போனாலும் அந்த வி வடிவ மூலை அப்படியே உங்களையே பாத்துட்டு நிக்கும், அசையாது. ஜூம் பண்ணப் பண்ண (செங்குத்தா இல்லாத) ஒரே ஒரு நேர்கோடா மாறுதா இல்லையா, இதுதான் கேள்வி. இதையே எண்ணுல பாக்கறதுக்கு இந்த விகிதம் (ஏ நாம பாக்கற புள்ளி, ஹெச் அதுல இருந்து நகர்ற சின்ன தூரம்):

(எஃப்(ஏ + ஹெச்) − எஃப்(ஏ)) / ஹெச்

ஹெச் பூஜ்யத்தை நெருங்கும்போது இது ஒரே எண்ணுக்குப் போகணும், ஹெச் பாசிட்டிவா வந்தாலும் சரி நெகட்டிவா வந்தாலும் சரி. எக்ஸ்²-க்கு 1-ல போட்டுப் பாருங்க: ஹெச் 0.1-னா 2.1, ஹெச் 0.01-னா 2.01, அந்தப் பக்கம் −0.1-னா 1.9, −0.01-னா 1.99. ரெண்டு பக்கமும் 2-ஐ நோக்கி வருது. மாட் எக்ஸுக்கு 0-ல போட்டா ஹெச் 0.001-க்கு 1, −0.001-க்கு −1, ஹெச்சை எவ்ளோ சின்னதாக்கினாலும் அதே 1 அதே −1. சேரவே மாட்டேங்குது.

இங்க ஒரு கூத்து சொல்லணும். சில கிராஃபிங் கால்குலேட்டர்ல மாட் எக்ஸோட வகைக்கெழுவை 0-ல கேட்டா 0-னு பதில் வரும். ஏன்னா அது உள்ளுக்குள்ள ஏ-க்கு ரெண்டு பக்கமும் சமதூரத்துல ஒரு புள்ளி எடுத்து எஃப்(ஏ + ஹெச்) − எஃப்(ஏ − ஹெச்) கழிச்சு 2ஹெச்சால வகுக்குது, மாட் எக்ஸுக்கு ரெண்டு பக்கமும் ஒரே உயரம், கழிச்சா பூஜ்யம். நடுப்புள்ளியை அது எட்டிக்கூடப் பாக்கல. மெஷின் சொல்லிடுச்சுன்னு எழுதிட்டு வந்துடாதீங்க.

வகையிடத்தக்கதுன்னா கட்டாயம் தொடர்ச்சி இருக்கும், இதுக்கு நிரூபணம் ரெண்டே வரி. எஃப்(ஏ + ஹெச்) − எஃப்(ஏ)ங்கறதை மேல எழுதின விகிதம் பெருக்கல் ஹெச்னு எழுதுங்க. ஹெச் பூஜ்யத்துக்குப் போகும்போது விகிதம் ஏதோ ஒரு முடிவான எண்ணுக்குப் போகுது, ஹெச் பூஜ்யத்துக்குப் போகுது, பெருக்கினா பூஜ்யம், அதாவது எஃப்(ஏ + ஹெச்) போய் எஃப்(ஏ)-ல சேருது. முடிஞ்சுது. திருப்பிப் போட்டா வேலை செய்யாது, மாட் எக்ஸே அதுக்கு சாட்சி.

இப்ப வழக்கமா வர்ற மாறிலி கண்டுபிடி டைப் கணக்கு ஒன்னை முழுசா போடுவோம்.

எக்ஸ் ≤ 3-க்கு எஃப்(எக்ஸ்) = கே எக்ஸ் + 1
எக்ஸ் > 3-க்கு எஃப்(எக்ஸ்) = எக்ஸ்² − 2

3-ல தொடர்ச்சி இருக்கணும்னா கே என்ன? இடப்பக்கம் 3கே + 1, வலப்பக்கம் 9 − 2 = 7. சமப்படுத்தினா கே = 2. இதோட கேள்வி முடியும். ஆனா நீங்க நிறுத்தாதீங்க, அடுத்த கேள்வியையும் கேட்டுப் பாருங்க. கே = 2 போட்டா இடப்பக்க சாய்வு 2, வலப்பக்க சாய்வு 2எக்ஸ் அதாவது 6. சேந்துச்சு, ஆனா மடங்கிடுச்சு. இங்க வகையிட வராது, வேற எந்த கே போட்டாலும் வராது, ஏன்னா சாய்வுக்காக கே = 6 போட்டா தொடர்ச்சி போயிடும். ஒரு மாறிலியை வச்சுக்கிட்டு ரெண்டு நிபந்தனையைத் திருப்திப்படுத்தறது அதிர்ஷ்டம் இருந்தாத்தான் நடக்கும். அதனாலதான் வகையிடத்தக்கதா இருக்கணும்னு கேக்கற கணக்குல பெரும்பாலும் ஏ, பி-னு ரெண்டு மாறிலி குடுப்பாங்க. எக்ஸ் ≤ 2-க்கு எக்ஸ்², அதுக்கு மேல ஏ எக்ஸ் + பி-னு வச்சுக்கோங்க. சேரணும்னா 2ஏ + பி = 4. மடங்கக் கூடாதுன்னா ஏ = 4. அப்ப பி = −4. வந்த கோடு 4எக்ஸ் − 4, அது என்னன்னு பாத்தா எக்ஸ்² வளைவுக்கு 2-ல வரைஞ்ச தொடுகோடேதான். வேற எதுவும் வந்திருக்கவும் முடியாது.

இந்த மாதிரி ரெண்டு பக்கமும் டிஃபரென்ஷியேட் பண்ணி ஒப்பிடுற ஷார்ட்கட் தப்பு இல்லீங்க, மொத்தத்துல அது சரியான வழிதான், ரெண்டு நிபந்தனையோட. ஒன்னு, தொடர்ச்சியை முதல்ல காட்டியிருக்கணும். ரெண்டாவது, ரெண்டு பக்கமும் வகைக்கெழுவுக்கு லிமிட் வரணும். இது ரெண்டும் இருந்தா ஷார்ட்கட் சொல்ற பதிலை நம்பலாம், அதுக்கு உத்தரவாதம் மீன் வேல்யூ தேற்றம் (ஒரு இடைவெளியோட சராசரி சாய்வு, உள்ள ஏதோ ஒரு புள்ளியோட சாய்வா கட்டாயம் வரும்னு சொல்றது). லிமிட்டே வரலைன்னா ஷார்ட்கட் ஊமை, அது இல்லைன்னு சொல்லல, ஒன்னும் சொல்லல. அப்ப விகிதத்துக்குத்தான் திரும்பிப் போகணும்.

அந்த ஊமை கேஸுக்கு பேர்போன உதாரணம் எக்ஸ்² சைன்(1/எக்ஸ்), 0-ல மதிப்பு 0. மற்ற இடத்துல வகையிட்டா 2எக்ஸ் சைன்(1/எக்ஸ்) − காஸ்(1/எக்ஸ்) வரும், 0-ஐ நெருங்க நெருங்க அந்த காஸ் துண்டு 1-க்கும் −1-க்கும் நடுவுல பேய் மாதிரி ஆடும், லிமிட் இல்ல. உடனே வகையிட முடியாதுன்னு எழுதிடுவாங்க. ஆனா விகிதத்தை எடுத்துப் பாருங்க, ஹெச்² சைன்(1/ஹெச்)-ஐ ஹெச்சால வகுத்தா ஹெச் சைன்(1/ஹெச்), சைன் என்ன ஆட்டம் போட்டாலும் 1-ஐத் தாண்டாது, அதனால மொத்தமும் மாட் ஹெச்சுக்குள்ள அடங்கிடும், ஹெச்சோட சேந்து பூஜ்யத்துக்குப் போயிடும். வகைக்கெழு இருக்கு, மதிப்பு 0. எக்ஸ்²-க்கு பதில் வெறும் எக்ஸ் போட்டு எக்ஸ் சைன்(1/எக்ஸ்)-னு எடுத்தா கதை மாறிடும், தொடர்ச்சி இருக்கும், ஆனா விகிதம் வெறும் சைன்(1/ஹெச்)-னு நிக்கும், அது எங்கயும் போய் சேராது, வகையிட வராது. மூலை இல்லாமலேயே வகையிட வராத சார்பு இது, ஜூம் பண்ணா ஒரு கோடாவும் ஆகாது ரெண்டு கோடாவும் ஆகாது, ஆடிட்டே இருக்கும்.

மூலை இல்லாம வராத இன்னொரு வகை, செங்குத்துத் தொடுகோடு. க்யூப் ரூட் எக்ஸ் பாக்க எவ்ளோ வழவழன்னு இருக்கு, 0-ல மட்டும் நேரா செங்குத்தா எழும்பிடும். விகிதம் 1 வகுத்தல் ஹெச்சோட 2/3 பவர், அது முடிவிலிக்குப் போயிடுது. முடிவிலி ஒரு எண் இல்ல, அதனால வகைக்கெழு இல்ல.

இதுக்கு நேர் எதிர் தப்பும் உண்டு, மாடுலஸைப் பாத்தாலே வகையிட வராதுன்னு எழுதறது. எக்ஸ் மாட் எக்ஸை எடுங்க. 0-ல விகிதம் ஹெச் மாட் ஹெச் வகுத்தல் ஹெச், அதாவது மாட் ஹெச், பூஜ்யத்துக்குப் போகுது. ஜோரா வகையிட வருது. பக்கத்துல இருந்த எக்ஸ் வந்து மூலையை அமுக்கி தட்டையாக்கிடுச்சு. இதுக்கு நான் வச்சிருக்கற ஒரு சோதனை: மாடுலஸுக்குள்ள ஒரு வகையிடத்தக்க சார்பு இருக்கு, ஒரு புள்ளியில அது பூஜ்யம் ஆகுது. அங்க அதோட வகைக்கெழு பூஜ்யம் இல்லைன்னா அச்சை வெட்டிட்டுப் போகுதுன்னு அர்த்தம், கீழ போன பகுதியை மடிச்சு மேல கொண்டு வரும்போது மூலை விழும். வகைக்கெழுவும் பூஜ்யம்னா மூலை விழாது. மாட்(எக்ஸ்² − 1)-க்கு 1-லயும் −1-லயும் சாய்வு 2, −2, ரெண்டு இடத்துலயும் மூலை. மாட்(எக்ஸ்² − 6எக்ஸ் + 9)-க்கு உள்ள இருக்கறது (எக்ஸ் − 3)², மாடுலஸ் சும்மா வேஷம்தான், எங்கயும் மூலை இல்ல.

ரோல் தேற்றம், மீன் வேல்யூ தேற்றம் வரும்போது மூடிய இடைவெளியில தொடர்ச்சி, திறந்த இடைவெளியில வகையிடத்தக்கதுன்னு மந்திரம் மாதிரி ஒப்பிக்கிறோமே, அது சும்மா இல்ல. −1-ல இருந்து 1 வரைக்கும் மாட் எக்ஸ், ரெண்டு ஓரத்துலயும் மதிப்பு 1, ரோல் சொல்றபடி நடுவுல எங்கயாவது சாய்வு பூஜ்யமா இருக்கணும், ஆனா சாய்வு −1 இல்லைன்னா 1, அவ்ளோதான். 0-ல இருக்கற அந்த ஒத்தை மூலை தேற்றத்தையே கவுத்துடுச்சு. ஓரப்புள்ளியில வகைக்கெழு கேக்காததுக்கும் காரணம் உண்டு, ரூட் எக்ஸ் 0-ல செங்குத்து, இருந்தாலும் 0-ல இருந்து 4 வரைக்கும் மீன் வேல்யூ தேற்றம் அதுக்கு அருமையா பொருந்தும்: சராசரி சாய்வு 2/4 அதாவது 1/2, வகைக்கெழு 1/(2 ரூட் எக்ஸ்), சமப்படுத்தினா எக்ஸ் = 1.

தொடர்ச்சியா ஒரு சார்பு இருந்தா மூலை ஏதோ அங்கங்க கொஞ்சம் இருக்கும், மத்தபடி வகையிட வரும்னு நமக்குத் தோணும். 19-ஆம் நூற்றாண்டுல பெரிய பெரிய ஆளுங்களுக்கும் அப்படித்தான் தோணுச்சு. 1872-ல ஜெர்மன் கணித மேதை வையர்ஸ்ட்ராஸ் பெர்லின் அகாடமியில ஒரு சார்பைக் காட்டினார், வெறும் கொசைன்களை அளந்து அளந்து முடிவில்லாம கூட்டினது, எல்லா இடத்துலயும் தொடர்ச்சி, ஒரு இடத்துல கூட வகையிட வராது. எங்க ஜூம் பண்ணாலும் புதுசு புதுசா மேடு பள்ளம் வந்துட்டே இருக்கும். பரீட்சைக்கு வராது, கவலை வேண்டாம், ஆனா படம் பாத்து முடிவு பண்ணாதேன்னு யாராவது சொன்னா காரணம் இதுதான்.

விடைத்தாள்ல எழுதும்போது லிமிட்ங்கறதை ஒவ்வொரு வரியிலயும் எழுதுங்க, மதிப்பு போடுற வரியில மட்டும் எடுங்க. இடப்பக்கத்துக்கு எந்த விதி வலப்பக்கத்துக்கு எந்த விதின்னு தெளிவா காட்டுங்க, எஃப்(ஏ)-வைத் தனி வரியா எழுதுங்க, அதுக்குன்னே மார்க் இருக்கும். சமக்குறி எந்தத் துண்டோட ஒட்டியிருக்கோ அந்தத் துண்டுலதான் எஃப்(ஏ) கண்டுபிடிக்கணும், இதை மாத்திப் போட்டு விடை தப்பினவங்களை நான் நிறைய பாத்திருக்கேன்.

கையில ஒரு பேப்பர் இருந்தா இதைப் போட்டுப் பாருங்க: எக்ஸ், எக்ஸ்² ரெண்டுல எது பெருசோ அதுதான் எஃப்(எக்ஸ்), எங்க வகையிட வராது? விதி எங்க மாறுதுன்னு அவங்க சொல்லல, நீங்கதான் கண்டுபிடிக்கணும், எக்ஸ் = எக்ஸ்² ஆகுற 0-லயும் 1-லயும். நெகட்டிவ் பக்கம் எக்ஸ்² பெருசு, 0-க்கும் 1-க்கும் நடுவுல எக்ஸ் பெருசு, 1-க்கு அப்புறம் மறுபடி எக்ஸ்². ரெண்டு இடத்துலயும் சேருது, அது சரி. 0-ல சாய்வு இடப்பக்கம் 0 வலப்பக்கம் 1, 1-ல இடப்பக்கம் 1 வலப்பக்கம் 2. ரெண்டு இடத்துலயும் மூலை. பெருசுக்கு பதில் சின்னதுன்னு மாத்திட்டு அதே புள்ளிகள்ல என்ன ஆகுதுன்னு நீங்களே பாருங்க, சாய்வுங்க இடம் மாறும், மூலை மட்டும் அங்கயேதான் இருக்கும்.